தம்பி வாசல் வாய்க்கால்

முதல் படகு வந்த காலையில் அங்கே இருந்தவர்கள்: தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் ரோட்டுப் பக்க அறையில், ரோட்டுப் பக்கக் காம்பராவில், கடை வைத்திருந்த கணபதி, அவன் மனைவி பாக்கியலெட்சுமி, அதே சுவருக்குப் பின்பக்கம் குடியிருந்த தம்பி கஜேந்திரன், காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகாமல் நின்ற, கொழுந்து பறிக்கும் ஒன்பது பெண்கள், தண்ணீரைப் பார்த்துக் குரைத்த ஒரு நாய்.

வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரின் சக்கரம் சுற்றுவதற்காக வெட்டிய வாய்க்கால் அது. எண்பது வருடமாக அதில் அட்டைப்பூச்சியும் குப்பையும்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை ஹாலிஎலையைத் தாண்டி உப்புத் தண்ணீர் மலையேறி வந்தது. கூடவே கருவாட்டு மூட்டைகளோடு வியாபாரி அஸீஸின் படகு. பதுளையில் கடல் இல்லை என்பது அஸீஸுக்கும் தெரியும். தண்ணீர் இருந்தது, வந்தேன் என்றார்.

அந்த லயத்தில் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரே வாசல். அப்பா செத்துப் பாகம் பிரித்தபோது, மூத்தவன் என்று சொல்லி ரோட்டுப் பக்கத்தைக் கணபதி எடுத்துக்கொண்டான். வாய்க்கால் பக்கம் தம்பிக்குப் போனது. இரண்டே வருடத்தில் தம்பி வாசலில் படகுத்துறை வந்தது, மொனராகலைச் சீனி அங்கேதான் ஏறியது, ஊரே ரோட்டுக்கு முதுகைக் காட்டியது. கணபதியின் பிஸ்கட்டுகள் நமத்துப்போயின. சுவரில் காது வைத்தால் தராசு இறங்கும் சத்தம் கேட்கும். தினமும் வைத்தான்.

“ரோட்டுப் பக்கந்தான் வேணும்னு ஒத்தக் காலுல நின்னீங்களே, இப்ப நில்லுங்க,” என்றாள் பாக்கியலெட்சுமி.

தம்பி பெருமையடித்திருந்தால் பொறுத்திருப்பான். கஜேந்திரனோ வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு பாரை மீன் கொடுத்தனுப்பினான்.

“மூத்தவன் கேக்குறேன், காம்பராவ மாத்திக்குவோம்.”

“சரிங்கண்ணே,” என்று தம்பி பாயைச் சுருட்டினான்.

மறுநாள் வாய்க்கால் பஸ் ரோட்டில் ஓடியது. டிரைவர் ஒரு வாரம் திட்டிவிட்டு வேறு வழியில் போனார். கணபதியின் புது வாசலில் பழையபடி அட்டைப்பூச்சி. நாலு மாதம் கழித்துத் திரும்பவும் மாற்றினார்கள், தண்ணீரும் மாறியது.

“முதலாளி, தண்ணி தம்பிட வாசலத்தான் தேடுது. நான் என்ன செய்ய?” என்றார் அஸீஸ்.

போன தை மாதம் கணபதி தம்பியைக் கூப்பிட்டான்.

“தனியா ஏன்டா பொங்கித் திங்குற? எங்க காம்பராவுக்கே வந்துரு.”

கஜேந்திரன் உள்ளே காலெடுத்து வைத்ததுமே வெளிப்படியில் உப்புத் தண்ணீர் தட்டியது. கணபதி தராசைத் தூக்கி வெளியே வைத்தான். பாக்கியலெட்சுமி கேட்காமலே பூட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“எத்தன நாளைக்குண்ணே?”

“தண்ணி வந்துக்கிட்டு இருக்குற வரைக்கும்டா.”

அஸீஸ் படகுக் கயிற்றை வீசினார். கருவாட்டு விலை அன்று ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கணபதி கதவைச் சாத்தி, தம்பியை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை மடியில் சொருகிக்கொண்டான்.