திரை பச்சையாகத்தான் இருந்தது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதுவும் என் சொந்தக் கோபமாக இருந்தால் நன்றாக எழுதியிருப்பேன். இது அக்காவிடமிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காயப்போட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள் உதறிய உதறலில் ஒரு க்ளிப் பறந்து பக்கத்து வீட்டுக்கே போய்விட்டது. "என்னக்கா ஆச்சு?" என்று நான் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன். துணி காய்வதற்குள் எல்லாம் கொட்டிவிட்டாள்.

நான் கதை எழுதுகிறவள். அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் நெட்வொர்க் பொறியாளர். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அதனால் அவள் வேலையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். "ஏதோ கம்ப்யூட்டர் வேலை" என்றுதான் சொந்தக்காரர்களிடம் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: "மருத்துவமனைச் சுவர்களுக்குள் உறங்காத கண்கள் பல விழித்திருந்து—"

அக்கா எட்டிப்பார்த்தாள். "கண்ணா? எங்கடி கண்ணு இருக்கு? பெட்டிடி அது. தகரப் பெட்டி."

அடித்துவிட்டேன். இரண்டாவது முயற்சி: "அன்று காலையிலிருந்தே அவளுக்கு ஏனோ மனசு சரியில்லை—" இது பச்சைப் பொய். அன்று காலை அவள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடிதான் கிளம்பினாள். தவிர, இந்தக் கதையில் 'பச்சைப் பொய்' என்ற சொல்லை எங்கேயாவது வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று அக்கா எச்சரித்திருக்கிறாள். வைத்தாகிவிட்டது. இதோடு விட்டுவிடுகிறேன்.

2

பெட்டி என்றால் என்ன என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. (இந்தப் பகுதியைப் படித்துவிட்டு அக்கா "பரவால்ல" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.)

மருத்துவமனையின் ஒவ்வொரு தளத்திலும் ஒரு இரும்பு அலமாரி. அதற்குள் தட்டையாக ஒரு பெட்டி, கொத்துக் கொத்தாக வயர்கள். அந்தத் தளத்துக் கம்ப்யூட்டர், டெலிபோன், மருந்து அறையின் வெப்பமானி எல்லாமே அந்தப் பெட்டியோடு இணைந்தவை. எங்காவது ஏதாவது கெட்டால் பெட்டி சும்மா இருக்காது. கட்டுப்பாட்டு அறையில் உள்ள சர்வர் என்ற தலைமைக் கம்ப்யூட்டருக்கு ஒரு வரி அனுப்பும்: இன்ன இடத்தில் இன்ன கோளாறு. அதுதான் அலர்ட். அலர்ட் வந்தால் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரையில் அந்தப் பெட்டிக்குரிய கட்டம் சிவப்பாகும். வராதவரை பச்சை.

இதில் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு அலர்ட்டும் ஒரு ரகசியச் சொல்லோடு வரவேண்டும். சொல் சரியாக இருந்தால் சர்வர் வாங்கிக்கொள்ளும். தவறென்றால் தூக்கிப் போட்டுவிடும்; யாரிடமும் மூச்சுவிடாது. பெட்டியும் கத்துவதைக் கத்திவிட்டுத் தன் பாட்டுக்கு இருக்கும். கேட்டதா என்று திரும்பிக் கேட்கிற பழக்கம் அதற்குக் கிடையாது.*

காலையில் வேலைக்கு வருகிறவர் முதலில் சோதனை அலர்ட் பட்டனை அழுத்துவார். திரையின் மூலையில் ஒரு கட்டம் சிவந்து, மறுபடி பச்சையாகும். "எல்லாம் ஓகே" என்று குழுவுக்குச் செய்தி போகும். அடுத்து டீ. தினமும் இதேதான்.

இப்போது கவனியுங்கள். அந்தச் சோதனை அலர்ட்டை அனுப்புவது யார்? சர்வர். யாருக்கு அனுப்புகிறது? தனக்கே. அது அந்த அறையை விட்டு வெளியே காலெடுத்து வைப்பதே இல்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டு தன் கதவைத் தானே தட்டி, வாசலுக்கு யார் வந்தாலும் கேட்கும் என்று திருப்திப்படுவது மாதிரி. இத்தனை பேர், இத்தனை படிப்பு, இத்தனை மீட்டிங். ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

* இந்த இடத்தில் கணவன்மார்களைப் பற்றி ஒரு வரி இருந்தது. அக்கா முறைத்ததால் எடுத்துவிட்டேன்.

3

பல வருடமாக ரகசியச் சொல் ஒன்றேதான். தணிக்கைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அக்காவின் மேலாளருக்கு வியர்த்துவிட்டது.

"இன்னிக்கே மாத்திடும்மா. சர்வர்ல மட்டும் மாத்து, பெட்டிங்கள எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"ரெண்டையும் ஒண்ணா மாத்தணும் சார். இல்லன்னா—"

"தெரியும்மா. அதான் அப்புறம்னு சொல்றேன்ல."

அக்கா மாற்றினாள். சர்வரில் மாற்றியது அவள் கைதான். புதுக் கட்டடத்துப் பெட்டிகளையும் விறுவிறுவென்று மாற்றினாள். பழைய கட்டடத்துக்குப் போவதற்குள் வேறொரு அவசரம் வந்தது, பிறகு இன்னொன்று. தணிக்கைக்காரர்கள் வந்தார்கள், புதுச் சொல்லைப் பார்த்தார்கள், மெச்சிவிட்டுப் போனார்கள். அதோடு எல்லோரும் பழைய கட்டடத்தை மறந்துபோனார்கள். அக்கா உட்பட.

குளிர் மருந்து அறை இருப்பது பழைய கட்டடத்தில். போன வாரம் அதன் குளிர்சாதனம் நின்றுபோனது. சூடு ஏற ஏறப் பெட்டி அலர்ட் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது, பழைய சொல்லோடு. சர்வர் அவ்வளவையும் குப்பையில் போட்டது. திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் கணக்கு டீச்சர். முன்பு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், அதனால் அந்தப் பெயர். ஒப்பந்த வேலைதான். கண்ணை எடுக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் பச்சை.

மருந்தாளர் கதவைத் திறந்தபோது உள்ளே வெளியில் இருந்ததைவிடப் புழுக்கமாக இருந்ததாம். புற்றுநோய்க்கான ஊசி மருந்துகள் மொத்தமும் வீண். அன்று ஊசிக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தலையில் துணி கட்டியிருந்த ஒரு பெண்மணி மட்டும் நகராமல் நின்று, "அப்ப எனக்கு எப்பங்க?" என்று வரிசையாக எல்லோரிடமும் கேட்டிருக்கிறார். அவரை நடுவில் வைத்து ஒரு பெரிய துயரக் காட்சி எழுத என் கை பரபரத்தது. எழுதவில்லை. அவர் கேட்டதே போதும்.

4

மேலாளர் ஒரு மணி நேரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்: டீச்சர் திரையைக் கவனிக்கவில்லை.

அக்காவுக்கு உறுத்தியது. சனிக்கிழமை சர்வரின் வாசலுக்கு வருவதையெல்லாம் அப்படியே காட்டும்படி தன் மடிக்கணினியை மாட்டினாள். டீச்சரைப் பழைய கட்டடத்து அலமாரிக்கு அனுப்பி, யாரும் உபயோகிக்காத ஒரு கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கச் சொன்னாள்; அதுவும் கோளாறுதான், பெட்டி அலர்ட் அனுப்பியாக வேண்டும். மேலாளரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். போன் ஸ்பீக்கரில் டீச்சர்.

"பிடுங்கிட்டேன் மேடம்."

மடிக்கணினியில் ஒரு வரி ஓடியது. திரை அசையவில்லை.

"பாருங்க சார், வந்துடுச்சு."

"எங்கம்மா வந்துச்சு? பச்சையாதானே இருக்கு?"

"திரைய விடுங்க. இங்க பாருங்க. வாசல் வரைக்கும் வந்துடுச்சு, பழைய சொல்லோட. நாமதான் உள்ள விடல. அன்னிக்கும் இதான் நடந்திருக்கு."

"மேடம், சிவப்பு வந்துச்சா?" என்றார் டீச்சர் போனில்.

மேலாளர் மடிக்கணினியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, புரியாத ஆள் இல்லை அவர்.

"மேடம், கேக்குதா? சிவப்பு வந்துச்சா?"

மேலாளர் கையை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தார்.

"சரி, பாத்தாச்சு. பழைய கட்டடத்தையும் இன்னிக்கே மாத்தி முடிச்சிடு. திங்கக்கிழம மீட்டிங்ல இதெல்லாம் வேணாம்."

"அப்ப டீச்சர்?"

"காண்ட்ராக்ட்தானேம்மா, வேற எடம் கெடச்சுடும். நீ உன்னப் பாரு. சர்வர்ல அந்தச் சொல்ல மாத்தினது யாரு, நானா?"

5

இங்கேதான் கதை எனக்கு முரண்டு பிடித்தது. என் பிரதியில் அக்கா நிமிர்ந்து நின்று, கண்கள் சிவக்க—

"நிறுத்துடி. நான் என்ன சொன்னேன்னு தெரியுமா? 'சரி சார்'னு சொன்னேன். அத எழுது."

"அது வேண்டாம்க்கா. படிக்கிறவங்களுக்கு உன் மேல—"

"என் மேல என்ன? நல்ல பேரா? அந்தச் சொல்ல மாத்தினது நான். பழைய கட்டடத்த மறந்தது நான். என் முறை வந்தப்பல்லாம் அந்தப் பட்டன அமுக்கிட்டு டீ குடிக்கப் போனதும் நான்தான். அந்தாளு அத எடுத்து என் மூஞ்சியிலயே அடிச்சதும் வாய் அடைச்சுப்போச்சு. பயந்துட்டேன்டி. என்னை உத்தமியா எழுதினன்னா இந்தக் கதையக் கிழிச்சுடுவேன்."

எழுதிவிட்டேன், அக்கா. சரி சார் என்று சொன்னாய்.

மேலாளரின் அறிக்கையில் 'மனிதப் பிழை' என்று ஒரு வார்த்தை இருக்கிறதாம். எனக்குத் தமிழில் இவ்வளவு ஆத்திரம் மூட்டிய வார்த்தை வேறில்லை. எந்த மனிதர்? "அப்புறம் பாத்துக்கலாம்" என்றவர் மனிதர் இல்லையா? அந்த வார்த்தை எப்போது பார்த்தாலும் அறையிலேயே சம்பளம் குறைந்த ஆளைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிறதே, அது எப்படி? டீச்சர் செய்த ஒரே பிழை, தனக்குக் காட்டிய திரையை நம்பியது. அதைச் செய்யத்தான் அவரை வேலைக்கு வைத்தார்கள்.

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. அக்கா மீட்டிங்கில் எழுந்து நடந்ததையெல்லாம் சொல்கிறாள். தன் தவறையும் சொல்கிறாள். ஒரு நிமிட அமைதி. பிறகு எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

("எந்த ஆபீஸ்லடி கைதட்டுவாங்க? வெளிய அனுப்புவாங்க. வீட்டு வாடகைய உன் கதையா குடுக்கும்?")

ஆ. அக்கா பேசவில்லை. டீச்சர் தன் டிராயரைத் திறந்து சாப்பாட்டு டப்பாவையும் ஒரு பழைய ஸ்வெட்டரையும் எடுத்து—

(இதை அக்கா படித்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.)

இ. மேலாளர் மனம் திருந்துகிறார்.

(அன்று முழுவதும் நாங்கள் இருவரும் சிரித்தது இதற்கு மட்டும்தான்.)

7

இதை மீட்டிங்குக்கு முன்னால் முடித்து அனுப்பிவிடுகிறேன். என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு எழுதினால், நடந்ததற்கு ஏற்றபடி அக்காவை வளைத்துவிடுவேன். கதை எழுதுகிறவர்களை நம்ப முடியாது.

"நாளைக்கு என்னக்கா பண்ணப்போற?"

"உள்ள போய் உக்காந்தாதான் எனக்கே தெரியும். உனக்கு எப்படி இப்பவே சொல்றது?"

சற்று நேரம் கழித்து அவளே இன்னொன்றைச் சொன்னாள். என் கோபம் தலைக்கேறியது அப்போதுதான். சனிக்கிழமை சாயங்காலமே குழுவில் எல்லோருக்கும் அவள் விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம். ஒவ்வொருவராகத் தனியாக வந்து அவள் தோளைத் தட்டி, "நீங்க பேசுங்க, நாங்க பின்னாடி இருக்கோம்" என்றார்களாம்.

பின்னாடி! தினமும் முறை வைத்து அந்தப் பட்டனை அழுத்தியவர்கள்தானே அத்தனை பேரும்? "எல்லாம் ஓகே" என்று அனுப்பியவர்கள்தானே? டீச்சரின் இடத்தில் அன்று அவர்களில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதே பச்சையைத்தானே பார்த்திருப்பார்கள்? எல்லோரும் பின்னாடி நின்றால் முன்னாடி நிற்கிறவளை வெளியே தள்ளுவது எவ்வளவு சுலபம்!

ஆகவே அக்கா பேசினாளா என்று என்னிடம் கேட்டு வராதீர்கள். சொல்ல மாட்டேன். நீங்கள் ஒன்றும் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை. எந்த வேலை பார்த்தாலும் உங்களுக்கும் அப்படி ஒரு பட்டன் இருக்கிறது. நீங்களும் அழுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறீர்கள். அந்த மீட்டிங் மேஜையைச் சுற்றி உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. கதவுக்கு வெளியே பெஞ்சில் டீச்சர் காத்திருக்கிறார். மேலாளர் அறிக்கையைப் படித்து முடித்துவிட்டு, "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்க்கிறார்கள்.

அவளைப் பார்க்காதீர்கள். நீங்கள் எழுந்திருங்கள்.