மூன்று பூச்சு நீலம்

டெல்மருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விஸ்கான்சினில் உள்ள அத்தனை எறும்புகளும் காலுறைக்குள் குடியேறிவிட்டது போல, வருடக்கணக்காகத் தன் கையாலேயே கட்டிய விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெளியே காற்று வேறு வலுக்கத் தொடங்கியிருந்தது.

கொட்டகை வாசலில் மடக்கு நாற்காலியில் மனைவி ஆர்லிஸ். மடியில் தங்கைக்காகச் சுட்ட ஆப்பிள் கேக். "உன் விமானத்துல ஏறுறதுக்குப் பதிலா முதலைக்குப் பல் விளக்கி விடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், தங்கை வீட்டுக்குப் பறந்து போக இன்றைக்குத்தான் சம்மதித்திருந்தாள். ஒரே நிபந்தனை: பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று மினுக்கும் சிவப்பு விளக்கு அணைய வேண்டும்.

"பிளாஸ்க்ல காபி இருக்கிற வரைக்கும் பாப்பேன். அப்புறம் கார்தான்."

அவள் குடித்த வேகத்துக்கு ஏரியே வற்றிவிடும்.

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரை மாற்றியாயிற்று. பேட்டரியும் புதுசு. விளக்கு கண்ணடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

பக்கத்துக் கொட்டகை வர்ஜில் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, கிறிஸ்துமஸ் விளக்கு இன்னும் எரியுதா?"

"வாய மூடிக்கிட்டு மீட்டரைப் பிடி."

ஆல்டர்னேட்டரின் உடம்பிலிருந்து நீள வயரை இருக்கை வரை இழுத்து மீட்டரில் மாட்டினார்கள். மீட்டரின் மறுமுனை பேட்டரியின் மைனஸில். எஞ்சினை ஓடவிட்டதும், பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்க வேண்டிய எண் இரண்டு வோல்ட்டுக்குத் தாவித் தாவி ஆடியது.

எஞ்சினை நிறுத்தினார் டெல்மர்.

"கரண்டு போற வழி சரி. திரும்பி வர்ற வழியில ஏதோ அடைப்பு," என்றார் வர்ஜில். "ஆல்டர்னேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல என்னத்தை வச்சே?"

டெல்மர் எஞ்சினுக்குள் குனிந்து பார்த்தார். ஆல்டர்னேட்டரைத் தாங்கும் இரும்புத் தாங்கிக்கு, விமானக் கண்காட்சிப் பரிசை மனத்தில் வைத்து, குளிர்காலம் முழுக்க மூன்று பூச்சு நீலம் அடித்திருந்தார். அதில் முகம் பார்த்துச் சவரமே செய்யலாம். போல்ட் உட்காரும் இடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை; பெயிண்ட் வழியே கரண்டு போகாது.

"சுரண்டு," என்றார் வர்ஜில்.

"அதுக்குப் பதிலா என் தோலைச் சுரண்டு."

"உன் தோல்ல கரண்டு ஓடாதே."

ஆர்லிஸ் பிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பார்த்தாள். எழுந்தாள். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

டெல்மர் தாங்கியைக் கழற்றி, உப்புத்தாளை எடுத்து, பெற்ற பிள்ளைக்கு மொட்டையடிப்பவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தேய்த்தார். கேட்ட கறகறப்பில், கார் அருகே போன ஆர்லிஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

மாட்டி, முடுக்கி, எஞ்சினை ஓடவிட்டார். பேட்டரியில் முழுசாகப் பதினான்கு வோல்ட். விளக்கு செத்தது.

கேக்கோடு அவள் விமானத்தில் ஏறி உட்கார்ந்தாள். டெல்மரோ கதவருகிலேயே நின்று முழித்தார். அவள் உண்மையிலேயே ஏறிவிடுவாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"என்ன முழிக்கிறே? கெளம்பு," என்றாள். "வேற எதுக்காவது பெயிண்ட் அடிக்கத் தோணிடப் போவுது."