மசாலாப் பெட்டியோடு ஒரு படம்

சமையலக்காவுக்கு அந்த மாநகரம் மூன்று நாளாக வெறும் கால்களாகத்தான் தெரிந்தது. விடுதியின் சமையலறை தரைக்குக் கீழே இருந்தது. கூரையை ஒட்டி ஒரு சின்ன சன்னல். அதன் வழியே நடைபாதையில் போகிறவர்களின் பூட்ஸும் குதிகால் செருப்பும் எப்போதாவது ஒரு நாயின் நாலு காலும் தெரியும். முழங்காலுக்கு மேலே அந்த ஊர்க்காரர்கள் எப்படி இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. முப்பத்திரண்டு பேருக்கு மூன்று வேளையும் வடித்துக் கொட்டுகிறவளுக்கு அதைப் பார்க்க ஏது நேரம்!

வெளிநாட்டிலும் நம்ம சாப்பாடு என்று விளம்பரம் போட்டுத்தான் டூர்க்காரர் ஆள் சேர்ப்பார். அந்தச் சாப்பாடு என்ன வானத்திலிருந்தா விழும்? அதற்குத்தான் இவளையும் விமானத்தில் ஏற்றிக் கூட்டிப்போவார். இதற்கு முன் இரண்டு நாடு போய் வந்துவிட்டாள். தெருவே மூக்கில் விரல் வைத்தது. பத்தாவது படிக்கும் மகள் மட்டும் மசியவில்லை. கோபுரத்தில் ஏறினேன், கப்பலில் போனேன் என்று அக்கா அளந்துவிட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படம் எங்கம்மா?" என்றாள்.

அக்கா போனைத் தேடுகிற மாதிரி பையைத் துழாவினாள்.

"அப்ப அங்க போயும் நீ அடுப்படியிலதான் இருந்தியா?"

கேலியாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பாவப்பட்டுக் கேட்டாள் மகள். அதுதான் நெஞ்சில் தைத்தது.

அதனால் இந்த முறை கிளம்பும்போதே டூர்க்காரரிடம் கறாராகப் பேசிவிட்டாள். கடைசி நாள் ஊர் சுற்றும் பஸ்ஸில் அவளும் வருவாள். அந்த ஊரின் பெரிய பாலத்து முன்னால் நின்று மகளுக்கு ஒரு படம் அனுப்புவாள். "அதுக்கென்னக்கா, தாராளமா!" என்று அவரும் தலையாட்டினார்.

கடைசி நாளும் வந்தது. மதியப் பொட்டலங்களைக் கட்டி முடித்து, நல்ல சேலையை உடுத்திக்கொண்டு தயாராக நின்றவளிடம் டூர்க்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"அக்கா, ராத்திரி கடைசி விருந்து. நீங்க இங்கயே இருந்து கொஞ்சம் ஜோரா பண்ணிடுங்க. ஊர் எங்க ஓடிடப் போகுது? அடுத்த டூர்ல பாத்துக்கலாம்."

பதிலுக்குக் காத்திராமல் அவர் மாடியேறினார். அவளுக்குக் காது வரை சுட்டது. அடுப்பை அணைத்தாள். மேடையிலிருந்த எவர்சில்வர் மசாலாப் பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகப் போய் பஸ்ஸில், டூர்க்காரர் உட்காரும் முன் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா இது? இறங்குங்க."

"இறங்க மாட்டேன்."

"ராத்திரி சமையல்?"

"வந்து பண்றேன். லேட்டாகும்."

பின்சீட்டிலிருந்து ஒரு ரிட்டயர்டு மேனேஜர் எழுந்தார். "அதெப்படி? நான் எட்டு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரை போடணும்!"

"ஒரு வேளை ரொட்டியத் தின்னுட்டுப் போடுங்க சார், மாத்திரை ஒண்ணும் கோவிச்சுக்காது," என்றார் பக்கத்திலிருந்த பல் டாக்டரம்மா. "அவங்களும் வரட்டுமே."

டூர்க்காரர் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "வேற ஆள வச்சு சமைக்க எனக்குத் தெரியாதா? உங்க பாஸ்போர்ட்டு என் பையில இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

பாஷை தெரியாத ஊர். திரும்பிப்போகும் டிக்கெட்டும் அவரிடம்தான். ஆனால் அவளுக்கு, பாவப்பட்டுக் கேட்ட மகளின் முகம் அதைவிடப் பயமாக இருந்தது. மடியிலிருந்த பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள்.

"பாஸ்போர்ட்டு உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. பெட்டி என்கிட்ட இருக்கு. மிச்சமிருக்கிற மஞ்சள், மிளகாய், மல்லி எல்லாம் இதுக்குள்ளதான். வேற ஆள வச்சு வெந்நி போட்டுக் குடிங்க."

பஸ்ஸே சிரித்தது. மிளகாய்த்தூள் நெடியில் மேனேஜர் மூன்று தும்மல் போட்டு உட்கார்ந்துவிட்டார். டிரைவர் அந்த ஊர்க்காரர். சண்டை புரியாவிட்டாலும் கடிகாரம் புரிந்ததால் வண்டியை எடுத்துவிட்டார். டூர்க்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.

அக்கா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள். பூட்ஸுக்கு மேலே முகங்கள் இருந்தன. கொட்டாவி விட்டன, போனில் யாரையோ திட்டின. ஒருத்தி சிக்னலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அட, நம்ம ஆட்கள் மாதிரியேதான் இருக்கிறார்கள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதைப் பார்க்கவா ஒரு சண்டை போட வேண்டியிருந்தது என்று கோபமும் வந்தது. ஒரு திருப்பத்தில் ஆறும் அதன் மேலே பாலமும் தெரிந்தபோது இரண்டையும் மறந்து வாயைப் பிளந்தாள்.

இறங்கியதும் போனை டூர்க்காரரிடமே நீட்டினாள்.

"எடுங்க தம்பி. பாலம் முழுசா விழணும். என் காலும் விழணும்."

"பெட்டியக் குடுங்க, நான் வச்சுக்கறேன்."

"அது இருக்கட்டும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எடுத்துக் கொடுத்தார். அக்கா உடனே அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது.

"அம்மா! நிஜமாவே பாலத்துகிட்டயா நிக்கற?" மகளுக்கு மூச்சு வாங்கியது. "ஆனா கையில அந்தப் பெட்டி எதுக்கு? படம் எடுக்கறப்பவாவது கீழ வச்சிருக்கலாம்ல?"

"வைக்க மாட்டேன்டி," என்றாள் அக்கா, டூர்க்காரர் காதிலும் விழும்படி. "இதக் கீழ வச்சிருந்தா உங்கம்மா இன்னிக்கும் அடுப்படியிலதான் நின்னிருப்பா."