வெள்ளம் வந்த வருஷம்

எய்தரின் தலையில் காகிதக் கிரீடம் நிற்கவே மாட்டேன் என்றது. மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போன தலை. வைக்க வைக்க அது வழுக்கிப் புருவத்தில் வந்து உட்கார்ந்தது. ஞானத்தாய் நெல்சி பொறுமையிழந்து, குண்டூசியால் அதைத் தலையணையோடு சேர்த்துக் குத்தினாள்.

"இனிமே அசையமாட்டான்," என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்ததுபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளையின் அப்பன் லிபார்டோ பிள்ளையைக் கிடத்தியிருந்த மேசைக்கு மேலே தென்னங்கீற்றை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். காலி என்ற பெருநகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து லாரியிலும், துறைமுகத்திலிருந்து சரக்குப் படகிலுமாகப் பிள்ளை காலையில்தான் வீடு வந்து சேர்ந்தான். கூடவே அவன் அம்மா அர்செலியாவும் வந்தாள். மூங்கில் தரையில் ஊர்ப் பெண்கள் கிலுக்கும் கையுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேளக்காரர்கள் இருவருக்கும் கரும்புச் சாராயம் ஒரு சுற்று போயிருந்தது.

ஏழு வயது நிறையாத பிள்ளை செத்தால் அந்த ஆற்றங்கரையில் அதைச் சாவு என்று சொல்வதில்லை. அது சம்மனசு, தேவதூதன். நேரே மேலே பறந்துவிடும். அதனால் ஆட்டமும் விளையாட்டுப் பாட்டும்தான். பெற்றவள் மட்டும் அழக்கூடாது. அழுதால் சிறகு நனைந்துவிடும், பிள்ளை பாதி வழியில் தவிக்கும்.

சாவு வீடானாலும் சம்மனசு வீடானாலும் பாட்டுக்காரி எஸ்தர்வினா வைத்ததுதான் சட்டம். காலையில் படகு கரை தட்டியதும் அர்செலியா கால் வைத்து இறங்கி, கூடி நின்ற பெண்களைப் பார்த்தாள், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். எஸ்தர்வினாவின் உள்ளங்கை அவள் வாயை வந்து பொத்தியது.

"உஷ்! சிறகு நனைஞ்சிடும்டி. சிரி. அவனைச் சிரிச்சு அனுப்பு."

அர்செலியா இழுத்த மூச்சை விழுங்கிக்கொண்டாள். அப்போதிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். மேசைக்குப் பக்கத்து முக்காலியில், மடியில் கையைக் கோத்துக்கொண்டு, சொன்ன சொல் தட்டாமல் சிரிக்கிறாள். லிபார்டோ அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் கட்டிய கீற்றையே அவிழ்த்து மறுபடி கட்டினான்.

ஈஸ்டர் சமயத்தில் அவன் ஒரு தடவை நகரத்துக்குப் போயிருந்தான். நோயாளிப் பிள்ளைகளின் அம்மாக்கள் தங்க அங்கே ஒரு வீடு இருந்தது. ஒருத்தி வாழைக்காயை இன்னொருத்தி வறுத்துக் கொடுப்பாள், ஒருத்தி தலையை இன்னொருத்தி பின்னிவிடுவாள். பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் சமையல்கட்டில் அழுவதில்லை என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. அழுவதற்குத் தனி அறை உண்டு. அங்கே ஆறுதல் சொல்ல ஒரு டாக்டரம்மா இருந்தாள், சின்ன வயது. "பிள்ளை முன்னால தைரியமா இருங்கம்மா. அழணும்னா இங்க வாங்க, நான் இருக்கேன்," என்று அவன் முன்னால்தான் சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

வெளியே வந்ததும் அவன் கேட்டான்.

"அழுதியா?"

"இல்ல."

"ஏன்? அந்தப் பொண்ணு தங்கமா இருக்கே."

"தங்கம்தான். ஆனா நான் போய் உக்காந்தா நாற்காலி இன்னும் சூடா இருக்கு, ஒருத்தி அழுதுட்டு இப்பதான் எழுந்து போயிருக்கா. அடுத்தவ வாசல்ல நிக்கிறா. எப்படிய்யா வரும்?" அர்செலியா தலையை ஆட்டினாள். "நான் வீட்டுக்கு வந்து அழுதுக்கறேன். நம்ம பொம்பளைங்க மத்தியில, தரையில உக்காந்து."

மேளம் ஏறியது. கிலுக்குகள் சேர்ந்துகொண்டன. இனி ஞானத்தாய் பிள்ளையைக் கையில் ஏந்தி முதல் ஆட்டம் ஆட வேண்டும். பிறகு அவன் கைக்குக் கை மாறுவான். நெல்சி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அர்செலியாவின் உதடுகள் சிரித்தபடியே இருக்க, மடியில் ஒரு கை நகம் மறு கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. லிபார்டோவுக்குத் தாங்கவில்லை.

"அத்தை, மேளத்தை நிறுத்தச் சொல்லுங்க."

எஸ்தர்வினா திரும்பினாள். மேளம் தானாகத் தயங்கி நின்றது.

"இவன் சம்மனசு இல்ல. ஏழு முடிஞ்சிடுச்சு."

"என்னடா உளர்றே? அதுக்குள்ள ஏத்திக்கிட்டியா?"

"ஒரு சொட்டு குடிக்கல. வெள்ளம் வந்த வருஷம் பொறந்தவன் அத்தை இவன்."

"அதுக்கு அடுத்த வருஷம்டா!"

"பெத்த அப்பனுக்குத் தெரியாதா?" என்றான் மேளக்காரர்களில் ஒருவன்.

"அப்பனுங்களுக்கு என்னடா தெரியும்? பொண்டாட்டிக்கு வலி எடுத்தா வலையைத் தூக்கிட்டு ஆத்துக்கு ஓடுற பயலுக." எஸ்தர்வினா நெல்சியைப் பார்த்தாள். "நீ சொல்லு. ஞானஸ்நானத்துக்குத் தூக்கினவ நீ."

நெல்சி லிபார்டோவைப் பார்த்தாள். பைத்தியமா உனக்கு என்று கேட்கிற பார்வை. பிறகு அவள் கண் அர்செலியாவின் மடிக்குப் போனது, அங்கேயே நின்றது.

"வெள்ளம் வந்த வருஷம்தான்," என்றாள். "முழங்கால் தண்ணியில நடந்துல்ல வந்தேன் கோயிலுக்கு."

ஞானஸ்நானத்தன்று ஊரே காய்ந்து கிடந்தது. புதுச் செருப்பெல்லாம் புழுதியாகிவிட்டதென்று நெல்சி கோயில் வாசலில் புலம்பியதை லிபார்டோ மறந்திருக்கவில்லை.

எஸ்தர்வினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அறுபது வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடினவளை ஏமாற்றுவது அவ்வளவு லேசல்ல. அவர்களை விட்டுவிட்டு முக்காலியின் முன்னால் போய்க் குனிந்தாள்.

"பெத்தவ நீ சொல்லு, அர்செலியா. ஏழு ஆயிடுச்சுன்னா அவனும் நம்மளை மாதிரி பாவிதான். பறந்து போவ முடியாது. பாவத்தை எரிச்சுக் கழுவுற உத்தரிக்கிற ஸ்தலம் வழியா நடந்துதான் போவணும். ஒன்பது ராத்திரி செபம் வேணும். யோசிச்சுச் சொல்லு. சம்மனசா, செத்தவனா?"

லிபார்டோ இதையெல்லாம் நம்பாதவன் அல்ல. நெருப்பு, இருட்டு, அதில் அந்த மெலிந்த கால்கள். வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று இப்போதுகூடச் சொல்லலாம். அர்செலியாவின் சிரிப்பைப் பார்த்தான், சொல்லவில்லை.

அர்செலியா புருஷனைப் பார்த்தாள். மேசையில் கிடந்த மகனை, அவன் விரல்களில் செருகியிருந்த காகிதப் பூவைப் பார்த்தாள். அவனை எந்த மாதம், எந்த மழையில் பெற்றாள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"அவனுக்கு..." என்று தொடங்கினாள்.

வயதைச் சொல்ல வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு எங்கோ அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கையிலிருந்த கிலுக்கைக் கீழே போட்டாள். எஸ்தர்வினாவின் உள்ளங்கை பழக்கத்தில் அந்த வாயை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. பிறகு அர்செலியாவின் பிடரிக்குப் போய், அவள் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டது. இருவரும் அப்படியே தரைக்கு வந்தார்கள். மற்ற பெண்கள் முட்டியால் நகர்ந்து நகர்ந்து அவளைச் சுற்றி வந்தார்கள்.

"மேளத்தைக் கவுத்து வைங்கடா," என்றாள் எஸ்தர்வினா. லிபார்டோ பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஒன்பது ராத்திரியும் நீ முழங்கால்லதான் நிக்கணும், திருட்டுப்பயலே. பிள்ளை தனியா நடக்கிறான்."

"நிக்கறேன் அத்தை."

அவன் அங்கேயே, கீற்றுச் சிதறல்களின் மேல் முழங்காலிட்டான். இரவுக்கு இன்னும் நேரம் இருந்தது.

கீழ்த்துறைக்காரர்களின் படகு ஆற்று வளைவில் வந்துகொண்டிருந்தது. சம்மனசு என்று கேள்விப்பட்டுக் கிளம்பியவர்கள். அவர்களுடைய மேளமும், பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிற பாட்டும் தண்ணீர் மேலாக வீட்டுக்குள் வந்தன. அர்செலியாவின் குரல் வீட்டிலிருந்து அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் பாட்டு நின்றது. மேளம் இன்னும் நாலு அடி அடித்துவிட்டு ஓய்ந்தது. அதன்பிறகு துடுப்புச் சத்தம் மட்டும் வந்தது.