தொப்பியில்லாத படம்

அப்பாவின் புகைப்படங்களை அட்டையில் குத்திக்கொண்டிருந்த டார்லா, அந்த ஆள் மூன்றாவது முறையாகக் கண்ணைத் துடைப்பதைக் கவனித்தாள். அப்பாவை அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றித்தொடைக் கறி சூடாகிக்கொண்டிருந்தது. மேலே அப்பா ஆல்வின் உன்ரூ சவப்பெட்டிக்குள் கிடந்தார். அடக்கத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

வந்தவன் பெயர் டிரென்ட். எண்ணெய்க் குழாய் முதலாளி ஹாஸ்கெட் நடத்தும் சுதந்திர அறக்கட்டளையின் ஆள். ஹாஸ்கெட்டுக்குச் சுதந்திரத்தின்மேல் தீராத காதல். அதற்காக அவர் விலைக்கு வாங்காத சட்டமன்ற உறுப்பினர் கன்சாஸ் மாநிலத்தில் பாக்கியில்லை. இப்போது, இறந்தவரின் சொத்து வாரிசுக்குப் போகும்போது விழும் வரியை ஒழிக்கக் கிளம்பியிருந்தார். நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகளுக்கு அப்பாவின் முகம் வேண்டுமாம். யாரையும் சாராமல் வாழ்ந்த விவசாயி, செத்த பிறகும் விடாத அரசாங்கம் என்று கீழே வாசகம். அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

அம்மா எல்ஃப்ரீடாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைகூடச் சீண்டாத முகம் அது. பேனாவைத் திறந்துவிட்டாள்.

“எங்க நிலத்துக்கு அந்த வரி வருமா?” என்றாள் டார்லா.

“உங்களுக்கு வராதுங்க. இது கொள்கை.”

“இந்த மாவட்டத்துல யாருக்குத்தான் வரும்?”

டிரென்ட் மும்முரமாகப் படங்களைப் புரட்டினான். பிறகு, தொப்பியில்லாத படம் கிடைக்குமா என்று கேட்டான்.

எல்லாப் படத்திலும் அதே தொப்பி. அதன் முகப்பில் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர். விதை, டீசல், மின்சாரம், அறுத்த கோதுமையை விற்பது, அப்பாவுக்கு எல்லாமே சங்கம்தான். யாரையும் சாராதவரின் தலையில் அது உட்கார்ந்திருந்தால் ஹாஸ்கெட்டுக்கு உறுத்தும். வேறு படம் இல்லையென்றால் கணினியில் எழுத்தை மட்டும் அழித்துவிடலாம் என்று டிரென்ட் பணிவாகச் சொன்னான்.

அம்மாவின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. டார்லா அடுத்த படத்தை அட்டையில் குத்தினாள். தான் தடுத்தால் அம்மா வீம்புக்கே கையெழுத்துப் போடுவாள்.

“நாப்பது வருஷம் அந்தச் சங்கத்துல டைரக்டரா இருந்தாரு, தம்பி.” அம்மா பேனாவை மூடினாள். “அதை அழிச்சிட்டா, பலகையில நிக்கிறது உங்க முதலாளியோட ஆளு. எங்க வீட்டு ஆளு இல்ல.”

டிரென்ட் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, மீண்டும் அனுதாபம் தெரிவித்தான். இந்த முறை கண் கலங்கவில்லை.

படியேறியவன் வாசலில் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. ஜூன் மாதம், யாரும் தங்கள் கோதுமை அறுவடையை அரை நாள்கூட நிறுத்தாத காலம். காலை முழுக்க ஆல்வினின் வயலை அறுத்து முடித்துவிட்டு, சட்டையெல்லாம் பதரோடு அக்கம்பக்கத்து விவசாயிகள் பதினேழு பேர் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் ஒவ்வொருவராக அதே சங்கத்துத் தொப்பியைக் கழற்றினார்கள். வெயிலில் வெந்து சிவந்த முகங்களுக்கு மேலே, வரிசையாக, தொப்பி நிழலில் வெளிறிய நெற்றிகள்.