கட்டியில் தங்கும் தங்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒட்டுக் கேட்டது. மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் பக்கத்து நாற்காலிப் பெண் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "தங்கம்ங்கிறாங்க, மஞ்சளா இல்ல. நாளைக்கு வெளிச்சம் போடுவாங்களாம், அது கண்ணுக்கே தெரியாதாம். இதுல எதை நம்புறது?" கண் பரிசோதனைக்குப் போயிருந்த நான் என் முறை வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மறுநாள் காலை, ஒரு வேலையும் இல்லாமல், திரும்பவும் அங்கே போய் உட்கார்ந்தேன். எழுதுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: "பொன்னொளி பரவிய அந்தக் காலையில், நம்பிக்கை என்னும்…" அடித்துவிட்டேன். பொன்னும் கண்ணில் படவில்லை, ஒளியும் கண்ணில் படவில்லை என்பதுதானே அவள் புகாரே.

2

அவளுக்குப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. தூங்குவதுபோல் நடிக்கிறவன், பையைத் துழாவிக்கொண்டே இறங்கப் பார்க்கிறவன், எல்லோரையும் பார்த்த கண். அவள் தம்பி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எல்லோரும் அவனை 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மைக்குக்கு நாக்கின் அடியில் புற்றுக்கட்டி. அறுவை செய்தால் பாதி நாக்கு போகும், அதோடு பேச்சும் போகும்.

பெரிய டாக்டரம்மா வேறு வழி ஒன்று சொன்னார். பொடியிலும் பொடியான தங்கத் துகள்களை ரத்தத்தில் ஏற்றுவார்கள். கட்டிக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் ஓட்டை உடைசலானவை, அதனால் துகள்கள் அங்கே கசிந்து சேரும். மறுநாள் லேசர் ஒளி. துகள் சேர்ந்த இடம் மட்டும் நன்றாகச் சூடேறி, கட்டி வெந்துபோகும்.

"பலிக்கலைன்னா?" என்று கேட்டாள் அக்கா.

"ஆபரேஷன்தாம்மா. அதுக்குள்ள கட்டி இன்னும் வளர்ந்திருக்கலாம். இது இன்னும் சோதனையில இருக்கிற முறை, உறுதி எதுவும் தர மாட்டேன்."

(இந்த இடத்தில் டாக்டரம்மாவுக்கு நழுவும் கண்களும் ஒரு கள்ளச் சிரிப்பும் எழுதியிருந்தேன். பொய். அவர் பாவம், நேர்மையாகத்தான் பேசினார். அக்காவுக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். டிக்கெட் எடுக்காதவன்தான் முகத்துக்கு நேரே தெளிவாகப் பேசுவான் என்பது அவள் அனுபவம்.)

3

ரத்தத்தில் ஏற்றப் பையில் தொங்கவிட்டிருந்தது கருஞ்சிவப்பாக இருந்தது.

"தங்கம் எங்கங்க?"

"இதுதாங்க," என்றாள் நர்ஸ். "அவ்வளவு பொடியாகிட்டா நிறம் மாறிடும்." குழாயைச் சரிசெய்துகொண்டே, முகக்கவசத்துக்குள்ளிருந்து இன்னொன்றும் சொன்னாள்.

அக்காவின் காதில் விழுந்தது: "கட்டி தங்கும்."

ஊரையே நிறுத்திக் கேள்வி கேட்கிறவள், அந்த நேரத்தில் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் நர்ஸ் இன்னொரு தடவை அதையே சொல்லிவிடுவாளோ என்று பயம்.

தம்பி கட்டிலில் படுத்தபடி சிரித்தான். "அக்கா, இனிமே நான் கட்டித் தங்கம். மரியாதையாப் பேசு."

"வாயை மூடிட்டுப் படுடா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வெளியே வந்துவிட்டாள். நான் ஒட்டுக் கேட்ட போன் அதற்கு அப்புறம்தான்.

4

மறுநாள் லேசர் அறை வாசலில் குறுக்கே நின்றாள். "இவன் உள்ள வர மாட்டான்."

கருவி இயக்குகிறவர் தம்பியைப் பார்த்தார். தம்பி, "அக்கா சொன்னா வரேன். இல்லேன்னா வீட்டுக்குப் போறேன்," என்றான். விளையாட்டில்லை, நிஜமாகவே சொன்னான்.

"நேத்து உங்க நர்ஸே சொன்னாங்க, கட்டி தங்கும்னு. அப்புறம் எதுக்கு இந்தக் கண்கட்டு வித்தை?"

நர்ஸ் வந்தாள். முகக்கவசத்தை இறக்கினாள். "ஐயோ அக்கா, கட்டி-ல. கட்டி-ல தங்கும்னுதான் சொன்னேன், தங்கத்தை."

ஒரே ஒரு 'ல'. அது துணிக்குள் மாட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. மாட்டிக்கொண்டதும் பேச்சை மாற்றுகிறவர்களை அவளுக்குத் தெரியாதா?

"சரி, உங்க வெளிச்சத்தைக் காட்டுங்க."

கருவிக்காரர் அவளுக்கு ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, அளவைக் குறைத்து, அவள் உள்ளங்கையில் ஒளியைப் பாய்ச்சினார்.

(அதெப்படி அனுமதிப்பார்கள் என்று கேட்பீர்கள். அனுமதிக்க மாட்டார்கள். நான் அனுமதித்தேன்.)

கையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கதகதப்பாக இருந்தது.

"சூடா இருக்கு," என்றாள்.

"உங்க கையில தங்கம் இல்லைங்க. அதனாலதான் இவ்வளவோட நின்னுச்சு."

வெளிச்சம் இருக்கிறது, சரி. தங்கம் இருக்கிறதா என்பதை அவன் நாக்குதான் சொல்ல வேண்டும். அதற்கு அவன் உள்ளே போயாக வேண்டும். அவளால் பரிசோதிக்க முடியாத டிக்கெட் இது ஒன்றுதான். குறுக்கே நின்றவள் விலகினாள்.

"போ. சுட்டா கத்து."

"கத்துறதுக்கு வாய் வேணும்னுதானேக்கா போறேன்."

கதவு மூடிக்கொண்டது.

5

நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், பேருந்து நிலையம் முழுக்க அவன் குரல் கணீரென்று… வேண்டாம். எனக்கே காதில் பூச்சுற்றுவதுபோல இருந்தது. இன்னொன்றில், அக்கா பழைய பதிவிலிருந்து அவன் குரலைக் கேட்டு… அதுவும் வேண்டாம். உங்களை அழவைக்க ஒரு மனிதனின் நாக்கை அறுக்கத் துணிந்தேன் என்றால் நான் என்ன ஆள்?

"என்ன எழுதுறீங்க?"

அக்கா. நேற்றிலிருந்தே என்மேல் ஒரு கண் வைத்திருக்கிறாள். டிக்கெட் இல்லாதவன்போல விழித்தேன். தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தாள், இரண்டு முடிவுகளையும். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"இந்த முதலாவது," என்றாள். "நல்லபடியா முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்களே. அதை எடுத்துடுங்க."

"ஏங்க? பொய்யாத் தெரியுதா?"

"இல்ல. நான் நம்பிடுவேன்."

எடுத்துவிட்டேன். இரண்டாவதை அவள் கேட்காமலே கிழித்துப் போட்டேன். கதவு இன்னும் திறக்கவில்லை. நீங்கள் எந்த முடிவை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சத்தம் போட்டுச் சொல்லாதீர்கள். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.