ஏழாம் நடைமேடையில் யாரும் விடை சொல்வதில்லை

மூடிக் கிடந்த ரயில் நிலையத்தைக் கடைகளும் ராட்டினமும் சறுக்கு மைதானமுமாக மாற்றித் திறந்த கோடையிலேயே, ஏழாம் நடைமேடை இருந்த இடத்தில் யாருக்காவது விடை கொடுத்தால் அவர்கள் உண்மையாகவே போய்விடுவார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் போனவர் ஒரு பல் மருத்துவர். காரை எடுத்துவரக் கிளம்பியவரைப் பார்த்து அவர் மனைவி "பத்திரமா போங்க" என்று கையசைத்தார். கை இறங்குவதற்குள் அவரைக் காணோம். மறுவாரம் வேறு மாநிலத்து ஒமாஹா நகரிலிருந்து தொலைபேசியில் பேசினார். யாருடையதோ ஒரு தோல்பெட்டியுடன் வந்து இறங்கியதாகச் சொன்னார். திரும்பி வர அவர் ஏறிய பேருந்துகளெல்லாம் வேறு ஊர்களில் இறக்கிவிட்டன. தேடிப் போன மனைவிக்கு அவர் சொன்ன தெரு அகப்படவில்லை.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து அந்த ஊர்க்காரர்களுக்கு விடை சொல்லாமல் கிளம்பத் தெரியாது. நாற்காலியில் ஒருமுறை, வாசலில் ஒருமுறை, கார் ஜன்னலில் ஒருமுறை சொன்னால்தான் கால் நகரும். ஆகவே சொல்லவும் பயந்து, அங்கிருந்த பாப்கார்ன் கடையில் குடும்பம் குடும்பமாக விளக்கணையும் வரை நின்றார்கள். விடை சொல்லும் ஊழியருக்கு வேலை போகும் என்று நிர்வாகம் பலகை வைத்தது. அங்கிருந்து ஒருவரை அனுப்புவது கொலைக்குச் சமம் என்றார் பாதிரியார். சில வருடங்களில் எல்லோரும் காலணியைப் பார்த்தபடி விலகிச் செல்லப் பழகிக்கொண்டார்கள்.

வெர்னா கெஸ்லருக்கு மட்டும் அந்த இடத்தின் மேல் ஆசை இருந்தது. அவள் கணவன் லைல் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். வெளியே தணிந்து பேசுவான், வீட்டில் மணிக்கட்டை முறுக்குவான். இருமுறை பேருந்தில் ஓடிப்போனவளைப் பிடித்து, காரில் இருக்கைப் பட்டி மாட்டி அழைத்து வந்திருக்கிறான். ஏழாம் நடைமேடையிலிருந்து போனவர்களை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடிந்ததில்லை. கடைக் கண்ணாடியின் முன் நின்று தனக்குத்தானே விடை சொல்லிப் பார்த்தாள். பிம்பம் மட்டும் போய்விட்டது. அதன் பிறகு தடவித் தடவித்தான் தலை வாரினாள். விடை கொடுக்கச் சொல்லி அக்காவிடம் கெஞ்சினாள். "என்னைக் கொலைகாரியாக்கப் பாக்குறியா?" என்று அக்கா அழுதாள். அழுததோடு நில்லாமல் லைலிடமும் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து லைல் சனிக்கிழமை தோறும் அவளை அங்கேயே கூட்டி வந்து, பாப்கார்ன் வாங்கிக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்துகொண்டான்.

"சொல்லட்டுமாடி? வாய் வரைக்கும் வந்துடுச்சு பாரு. சொல்லட்டுமா?" பிறகு சிரிப்பான். "ஆசை, தோசை. நான் சொல்லுவேனா!"

பாப்கார்ன் விற்ற ரோசெட்டா இதைக் கேட்டுக்கொண்டே வருடங்களை ஓட்டினாள். ஒரு பிப்ரவரியில் வெர்னா கட்டுப்போட்ட கையோடு பொட்டலத்தை வாங்கினாள்.

"படிக்கட்டுல விழுந்துட்டா. கண்ணை எங்க வெச்சுட்டு நடக்குறாளோ," என்றான் லைல்.

"உங்க வீட்டுல படிக்கட்டு ரொம்ப ஜாஸ்தி போல," என்றாள் ரோசெட்டா.

மேற்பார்வையாளர் ராட்டினத்தருகே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோசெட்டா கடைச் சீருடைத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"வெர்னா, இங்க பாருங்க. பத்திரமா போங்க."

லைல் பாய்ந்து பிடித்தான். கோட்டு மட்டும் கையில் வந்தது. பாதியில் நிறுத்துவது மரியாதையில்லை என்பதால், ரோசெட்டா வெறும் காற்றைப் பார்த்தே மிச்சத்தையும் சொன்னாள்: "போய்ச் சேந்ததும் ஏதாவது சூடா சாப்பிடுங்க. காதை மூடிக்கோங்க." லைல் கோட்டோடு பேருந்து நிலையத்துக்கு ஓடினான்; பழக்கதோஷம்.

ரோசெட்டாவுக்கு அன்றே வேலை போயிற்று. தேவாலயத்தில் அவள் பக்கத்து இருக்கைகள் காலியாக இருந்தன. அடுத்த சனிக்கிழமை அவள் வாடிக்கையாளராக வந்து, ஏழாம் நடைமேடையின் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். மதியவாக்கில், கழுத்தைத் துணியால் சுற்றி மறைத்த ஒரு பெண் வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"அங்க குளிரா இருந்தாலும் இருக்கும்," என்றாள் ரோசெட்டா. "என் கையுறையைப் போட்டுக்கோங்க. அப்புறமா சொல்றேன்."